தழுவப்படவும் தகுதியற்றவர்களா?

ஒருவர் ஆக்கிய கதையை மற்றொருவர் எடுத்துத் தம் மண்ணுக்கேற்ப மீள ஆக்குதல் இழிவானது என்னும் எண்ணம் படித்த வகுப்பாரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. தொலைக்காட்சியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஒரு வாதமாகவே உருப்பெற்றுவிட்டது. அயல்நாட்டு நிகழ்ச்சியொன்று நன்றாயிருப்பின் அதனை வாங்கி அப்படியே ஒளிபரப்புவதுதானே முறை? பணத்தைக் கொட்டி, நடிகரை மாற்றி, அதே கதையை மீண்டும் எடுப்பது கற்பனை வறட்சியன்றி வேறென்ன? இவ்வாறு கேட்போர், இலங்கைத் தமிழ்த் தொலைக்காட்சி பற்றிய பேச்சு எழும்போது இன்னும் ஒருபடி மேலே செல்கின்றனர். சென்னைத் தொடர் தமிழிலேயே இருக்கின்றது. அதனை மொழிமாற்றவும் வேண்டியதில்லை, தழுவவும் வேண்டியதில்லை என்று முடித்துவிடுகின்றனர். கேட்பதற்குச் சிக்கனமான வாதம். இச்சிக்கனத்தின் விலையைச் செலுத்துவோர் யார் என்பது மட்டும் அவர்களால் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை.

இரத்தினபுரி மாவட்டத்திலே, சிங்கராஜ வனத்தின் அருகே அமைந்தது கலவான. அட்டனையோ தலவாக்கலையையோ போலத் தமிழர் செறிந்து வாழும் மலைப்பிரதேசமன்று அது. தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் விளையும் மழைநாடு. அங்குள்ள தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. கிராமத்தவரின் சிறு தேயிலைக் காணிகளும் தோட்டத்து மலைகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. லயத்தை விட்டு இறங்கினால் கடையிலும் பேருந்திலும் மருத்துவமனையிலும் வழங்கும் மொழி சிங்களம். தமிழ்மொழி மூலம் மேல்வகுப்புவரை கற்பதற்கு வசதி குன்றியிருப்பதால், சப்ரகமுவத் தோட்டங்களின் பிள்ளைகள் பலர் சிங்களப் பாடசாலைகளுக்கே செல்கின்றனர். வீட்டையும் கோயிலையும் விட்டால், இப்பிள்ளைகளின் செவியில் அன்றாடம் தமிழ் விழும் இடம் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய் அடுப்பை மூட்டிவிட்டு அதன் முன்னே அமர்கிறாள். திரையில் விரிவது மாடிவீட்டு மண்டபம், பட்டுச்சேலை, மாமியாரின் சதி. தகரக் கூரையின்மீது டிஷ் அன்டெனா வானத்தைப் பார்த்து நிற்கின்றது. அதற்குக் கீழே நடக்கும் வாழ்வை மட்டும் எந்த அலைவரிசையும் பார்ப்பதில்லை.

தழுவல் என்பது தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பிய மரபியல், நூலை முதனூல் என்றும் வழிநூல் என்றும் பகுத்து, வழிநூலுக்குத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகை கூறியது. வழிநூல் செய்தவனை இலக்கண ஆசிரியன் கள்வன் என்று கூறவில்லை. வான்மீகியின் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிச் செல்கிறான். கம்பனின் இராவணனோ அவள் இருந்த சாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கின்றான். கன்னிமாடத்துச் சீதையும் வீதிவழிச் சென்ற இராமனும் திருமணத்துக்கு முன்னரே ஒருவரையொருவர் கண்டு காதல் கொள்வதும் கம்பன் செய்த மாற்றமே. களவின்றிக் கற்பைக் காண மாட்டாத அகமரபினருக்காக அவன் அவ்வாறு செய்தான். வடமொழிக் காவியத்தை அப்படியே கொணர்ந்து ஓதியிருந்தால் செலவு குறைந்திருக்கும், கம்பராமாயணம் பிறந்திராது. இதனை வகுப்பறையில் வியந்து போற்றுவோரே தொலைக்காட்சி என்றதும் இறக்குமதிக்குப் பரிந்து பேசுவது விந்தை.

இனி, இக்காலத் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஏன் தழுவுகின்றன என்பதைக் கணக்கு வழக்கோடு நோக்குதல் தகும். ஒரு தொடரைத் தயாரிக்கும் செலவு பெரும்பாலும் அது பிறந்த நாட்டுச் சந்தையிலேயே மீட்கப்பட்டுவிடுகின்றது. அதன் பின்னர் அதனை இன்னொரு நாட்டுக்கு விற்பதில் விற்பவருக்குப் புதிய செலவு அதிகமில்லை. எனவே இறக்குமதித் தொடரின் விலை, புதிதாக ஒன்றைத் தயாரிக்கும் செலவில் ஒரு சிறு பின்னமே. இவ்வாறிருந்தும் வணிகமே குறியான நிறுவனங்கள் பெருஞ்செலவில் தழுவ முற்படுவது ஏன்? எல்லை தாண்டி வரும் கதை தன் பெறுமதியில் ஒரு பகுதியை வழியிலேயே இழந்துவிடுகின்றது என்பதே விடை. நகைச்சுவை புரிவதில்லை, உறவுமுறை பொருந்துவதில்லை, உடையும் உணவும் வேறாகின்றன. ஹொஸ்கின்ஸ், மைரஸ் என்னும் இருவர் 1988 இல் இதனைப் பண்பாட்டுத் தள்ளுபடி என்றனர். தமக்கு அண்மையான பண்பாட்டின் நிகழ்ச்சி கிடைக்குமாயின் மக்கள் அதனையே விரும்புவர் என்று ஸ்ட்ரோபார் 1991 இல் வாதிட்டார். பார்வையாளர் தொகை பெரிதாகவும் அவர்தம் கையில் காசு உள்ளதாகவும் இருப்பின், தழுவலால் கூடும் விளம்பர வருவாய் தழுவற் செலவை விஞ்சிவிடும். தொகை சிறிதாகவோ கை வறிதாகவோ இருப்பின் விஞ்சாது. ஆகவே ஒரு மக்கட் கூட்டத்துக்காகத் தழுவுவதா இறக்குமதி செய்வதா என்னும் முடிவு, அக்கூட்டத்தை நிறுவனம் எவ்வளவுக்கு மதிக்கின்றது என்பதன் அளவுகோலாகி விடுகின்றது.

உலகுக்கெல்லாம் நிகழ்ச்சி விற்கும் அமெரிக்காவின் நடத்தை இதற்குச் சான்று. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் போக்குவரத்து ஒருவழிப் பாதையோ என்னும் கேள்வியை எழுப்பிய நோர்டென்ஸ்ட்ரெங், வாரிஸ் ஆகியோரின் யுனெஸ்கோ ஆய்வு 1974 இல் வெளிவந்தது. விற்பதில் முதல்வரான அமெரிக்கர் வாங்குவதில் கடைசியில் நின்றதை அது காட்டிற்று. ஆயின் அவர்கள் பிறர் கதைகளை வெறுத்தாரல்லர். கிழக்கு இலண்டனின் வாய்த்துடுக்குத் தொழிலாளி ஒருவனைப் பற்றிப் பிபிசி எடுத்த ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ தொடரை, 1971 இல் நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதிக்குக் குடியேற்றி ‘ஓல் இன் த ஃபமிலி’ ஆக்கினர். மொழி ஒன்று, வாங்கி ஒளிபரப்பத் தடை எதுவுமில்லை. ஆயினும் அந்த மனிதனின் இனக்காழ்ப்பு அமெரிக்கரின் இனக்காழ்ப்பாக இருந்தாலன்றி அமெரிக்க வீட்டை அது சுடாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இதில் அளவுக் கணக்கும் ஒன்றுண்டு. பிரித்தானியாவின் ‘த ஒஃபிஸ்’ 2001 இல் தொடங்கி 12 பகுதிகளோடும் ஒரு நத்தார்ச் சிறப்பு நிகழ்ச்சியோடும் நின்றது. 2005 இல் தொடங்கிய அதன் அமெரிக்க வடிவம் 201 பகுதிகள் ஓடிற்று. வாரந்தோறும் தீனி கேட்கும் பெருஞ்சந்தைக்குச் சிறு இறக்குமதி போதாது. எனினும் மேலே கூறிய காரணமே முதன்மையானது. ஒரே மொழி பேசுவோருக்கிடையிலும் தழுவல் தேவைப்படுகின்றது என்னும் இவ்வுண்மையை, ‘தமிழ்தானே’ என்போர் மனங்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியே இதற்கு இன்னும் நெருங்கிய சான்று தருகின்றது. 2019 இல் வங்காளத்தில் தொடங்கிய ‘ஸ்ரீமயி’ என்னும் தொடர், மறு ஆண்டே விஜய் தொலைக்காட்சியில் ‘பாக்கியலட்சுமி’ ஆயிற்று. இந்தியில் ‘அனுபமா’ ஆயிற்று. மலையாளம், தெலுங்கு, கன்னடம், மராத்தி ஆகியவற்றிலும் தழுவப்பட்டது. மறுதலையாக, 2018 இல் தமிழில் எழுந்த ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் இந்திக்கும் சென்றது. இவ்வலைவரிசைகள் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. உரிமைக்கு வெளியாருக்குக் காசு கொடுக்க வேண்டிய நிலை அவற்றுக்கில்லை; குரலை மட்டும் மாற்றியிருந்தால் செலவு மிகச் சொற்பம். ஆயினும் ஒவ்வொரு மொழிக்கும் புது நடிகர், புது வீடு, புதுச் சமையலறை. வங்காளத்துத் தாலியற்ற சங்குவளைப் பெண்ணைத் தமிழ்நாட்டு இல்லத்தரசி தன்னவளாகக் கொள்ள மாட்டாள் என்று வணிகன் அறிந்திருக்கின்றான்.

தழுவலுக்குத் தொழிலாளரின் போராட்டமும் ஒரு காரணம் என்பதை மறைத்தலாகாது. 2011 இல் ‘மகாபாரத்’ இந்தித் தொடரை வங்காளத்தில் குரல்மாற்றி ஒளிபரப்ப முற்பட்டபோது அங்குள்ள கலைஞர், தொழில்நுட்பவியலாளர் அமைப்புகள் எதிர்த்தன. அவ்வெதிர்ப்பு போட்டிச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017 இல் கூறியது. கன்னட நாட்டிலும் குரல்மாற்றத்துக்கு எதிரான எழுதாச் சட்டம் நெடுங்காலம் நிலவியது. நீதிமன்றம் சொன்னது சட்டப்படி சரியாயிருக்கலாம். ஆயினும் அத்தடை நிலவிய ஆண்டுகளில் அங்கே நடிகருக்கும் எழுத்தாளருக்கும் வேலை இருந்தது, தொழில் வளர்ந்தது. எதிர்ப்பதற்குக்கூட அத்தகைய தொழிலாளர் கூட்டமொன்று இல்லாமையே இலங்கைத் தமிழ்த் தொலைக்காட்சியின் துயரம்.

இலங்கையிலே சிங்களத் தொலைக்காட்சி நடந்த வழியை ஒப்பிட்டால் இத்துயரம் மேலும் தெளிவாகும். 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15 ஆந் திகதி ரூபவாஹினியும் தொடங்கின. அயல்நாட்டுச் சிறுவர் படங்களைச் சிங்களத்துக்குக் கொணரும் பொறுப்பு ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்தையிடம் வாய்த்தது. அவர் செய்தது வெறும் மொழிமாற்றமன்று. அமெரிக்க முயலுக்கு ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்று பெயரிட்டு, சிங்களக் கிராமத்துச் சிறுவனின் குறும்பையும் பழமொழியையும் அதன் வாயில் வைத்தார். டொக்டர் டூலிட்டில் ‘தொஸ்தர ஹொந்த ஹித’ ஆனார். ஒரு சந்ததியே அவற்றைத் தம்முடையனவென்று எண்ணி வளர்ந்தது. பின்னர் ‘ஒஷின்’ என்னும் யப்பானியத் தொடரும், கொரிய அரண்மனைத் தொடரும் சிங்களம் பேசின. 2006 இல் வெளிநாட்டுத் தொலைக்காட்சி நாடகங்களின்மீது அரசு வரி விதித்தபோது, உள்ளூர்க் கலைஞரைக் காத்தலே அதற்குக் கூறப்பட்ட நியாயம். படத்தைத் தழுவ முடியாவிடினும் பேச்சையாவது தழுவ வேண்டும் என்னும் உணர்வு அங்கே இருந்தது. மொழி வேறாயிருந்தமையால் ஒரு வேலை செய்தே தீர வேண்டியிருந்தது. அவ்வேலையினூடே மண் உள்ளே வந்தது.

தமிழ் அலைவரிசைகளுக்கோ அந்த நிர்ப்பந்தமே இல்லை. 1998 இல் சக்தியும் 2009 இல் வசந்தமும் தோன்றின. தமிழருக்கெனத் தனித் தொலைக்காட்சி வந்தமை பெரும் பேறு என்பதில் ஐயமில்லை. ஆயின் கதை வேண்டிய நேரமெல்லாம் சென்னை கதை தந்தது. மொழி ஒன்றாயிருத்தல் என்னும் வரமே சாபமாக மாறிற்று. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இவ்வலைவரிசைகள் தழுவவே அறியாதவையல்ல. 2006 இல் சிங்களத்தில் ‘சிரச சூப்பர்ஸ்டார்’ என்னும் பாட்டுப் போட்டி, அமெரிக்க, பிரித்தானிய முன்மாதிரியில் எழுந்து பெருவெற்றி பெற்றபோது, தமிழிலும் அவ்வாறான போட்டி வந்தது. ஏன்? பாடுபவன் உள்ளூரவனாயிருந்தால்தான் ஊரார் குறுஞ்செய்தி அனுப்பி வாக்களிப்பர். பார்வையாளன் காசு செலவழிக்கும் இடத்தில் அவனுடைய முகம் திரையில் தேவைப்படுகின்றது. அவன் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் தேவைப்படவில்லை. நாடகம் பார்த்து அழும் தோட்டத்துப் பெண்ணின் கண்ணீருக்குக் குறுஞ்செய்திக் கட்டணம் இல்லையே!

திரையில் தம்மைக் காணும் பசி இம்மக்களுக்கு இல்லை என்று எவரும் கூற முடியாது. ஒல்லாந்தில் 1999 இல் பிறந்த ஒரு நிகழ்ச்சியின் தமிழ்த் தழுவலே ‘பிக் பொஸ்’. அதன் மூன்றாம் பருவத்தில், 2019 இல், இலங்கையிலிருந்து இருவர் கலந்துகொண்டபோது நாட்டின் தமிழ்ப் பகுதிகள் எங்கும் அதுவே பேச்சு. 2023 இல் புசல்லாவைப் பகுதித் தோட்டச் சிறுமியொருத்தி சென்னை அலைவரிசையொன்றின் சிறுவர் பாட்டுப் போட்டிக்குச் சென்றாள். மலையகமே அவளுக்காகத் திரையின்முன் காத்திருந்தது. தம் பேச்சையும் முகத்தையும் காண்பதற்கு இலங்கைத் தமிழர் சென்னைக்குக் கப்பலேற வேண்டியிருக்கின்றது. 1823 இல் கண்டிச் சீமைக்கு ஆள் கொணர்ந்த பாதை, 200 ஆண்டுகளின் பின் எதிர்த்திசையில் திறந்திருக்கின்றது போலும்.

சந்தை சிறிது, விளம்பரம் அரிது, ஆகவே உள்ளூர்த் தயாரிப்பு கட்டாது என்னும் மறுப்பை அசட்டை செய்தல் நேர்மையாகாது. அது மெய்யே. சென்னைத் தொடரின் விலையோடு உள்ளூர்த் தொடர் ஒருபோதும் போட்டியிட முடியாது. ஆயின் இம்மறுப்பு இறக்குமதியை நியாயப்படுத்தவில்லை; தனியாரின் கணக்குப் புத்தகத்திடம் இதனை ஒப்படைத்தல் தவறென்பதையே காட்டுகின்றது. அரச அலைவரிசைகள் பொதுப் பணத்தில் நிற்பவை. கொழுந்து பறிப்பவரும் பால் வெட்டுபவரும் வாங்கும் ஒவ்வொரு பொருளின் மறைமுக வரியும் அதில் அடங்கும். மேலும், தழுவல் என்பது செலவைக் குறைக்கும் வழியுமாகும். கதை வேறிடத்தில் சோதிக்கப்பட்டது, திருப்பங்கள் ஆயத்தமாயுள்ளன, மாற்றி எழுதும் ஆற்றலும் நடிகரும் ஒளிப்படக் கருவியுமே தேவை. இக்காலத்தில் கருவியின் விலையும் முன்னைப்போல் இல்லை.

இறக்குமதி சற்றே மட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் நிகழ்ந்தது யாது என்பதற்கு நாட்டின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர்ப் பதிப்பு முயற்சி தழைத்தது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ போன்ற மலையக நாவல்கள் வீரகேசரி வெளியீடுகளாகப் பரந்த வாசகரை அடைந்தமை அக்காலத்திலேயே. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கியபின் தமிழ்ப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மலையகத் தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’, வானொலி நாடகத்திலிருந்து திரைக்கு வந்த ‘கோமாளிகள்’, செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ ஆகியன அவற்றுட் சில. அவையெல்லாம் உயர்ந்த கலைப்படைப்புகள் என்று வாதிடுவது பொய்யாகும். அவற்றுட் சில சென்னை நாயகரைப் போலவே நடந்து, சென்னைத் தமிழையே பேசின. ஆயினும் தொழில் ஒன்று பிறந்தது. திறந்த பொருளாதாரமும் 1983 இன் தீயும் வந்திராவிடின் அது தன் குறைகளைத் தானே களைந்திருக்கும்.

தோட்ட மக்களோ தழுவலை எவரிடமும் கற்க வேண்டியவரல்லர். மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்து, அவர்தம் முன்னோர் தமிழகத்திலிருந்து நெஞ்சில் சுமந்து வந்தது. தோட்டம்தோறும் அது தோட்டத்துக் கலையாயிற்று. லயத்துப் பிள்ளைகளே இரதியும் மன்மதனுமாயினர். படிப்பறிவு மறுக்கப்பட்ட அம்மக்கள் இறக்குமதிக் கதையைத் தம் மண்ணில் நட்டு வளர்த்தனர். அவர்களுக்கு நிகழ்ச்சி வழங்கும் பட்டதாரிகள் பெட்டியைப் பிரித்து அப்படியே பரிமாறுகின்றனர்!

தோட்டத்தவரே சென்னைத் தொடரை விரும்புகின்றனரே என்பது எஞ்சி நிற்கும் இறுதிக் கணை. விரும்புகின்றனர்தாம். திருச்சியும் சேலமும் அவர்தம் பாட்டன் பூட்டன் ஊர்கள், மாரியம்மன் ஒருத்தியே, அத்தை, மாமன் முறையும் ஒன்றே. வேறு இலை போடப்படாத பந்தியில் இட்டதை உண்பவனின் சுவையை எவ்வாறு அறிவது? அன்றியும், கலவானவில் கேடு வேறு உருவில் வருகின்றது. அங்கே வளரும் சிறுவன் தொலைக்காட்சியின் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துகின்றான். சிங்கள அலைவரிசையில் அவன் காண்பது அவனறிந்த பேருந்து, அவனறிந்த மழை, அவனறிந்த பாடசாலைச் சீருடை. தமிழ் அலைவரிசையில் அவன் காண்பது அவன் போயிராத நாடு. இங்குள்ளது சிங்களம், தமிழ் வேறெங்கோ உள்ளது என்னும் பாடத்தை எந்த ஆசிரியரும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. மாலைதோறும் தமிழ்த் தொலைக்காட்சியே கற்பிக்கின்றது. சப்ரகமுவத் தோட்டங்களில் தமிழ் தேய்கின்றது என்று மாநாடுகளில் வருந்துவோர் இதனையும் ஒரு காரணமாக எண்ணிப் பார்ப்பதுண்டா? 1977 இலும் 1981 இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் கண்ட வன்செயலையோ, 2017 மே மாதம் கலவானவைப் புரட்டிய வெள்ளத்தையும் மண்சரிவையுமோ எந்தச் சென்னைத் தொடரும் தன் கதைக்குள் கொணரப் போவதில்லை. கொணர வேண்டிய கடமையும் அதற்கில்லை.

ஓர் எடுத்துக்காட்டாக, அந்தப் பாக்கியலட்சுமியையே கலவானவுக்குக் கொணர்ந்து பார்க்கலாம். வீட்டுக்கு உழைத்து உழைத்து, கணவனால் புறக்கணிக்கப்பட்டு, தன் காலில் நிற்க முனையும் பெண் அவள். கதையின் எலும்புக்கூடு அப்படியே நிற்கட்டும். ஆனால் தழுவி எழுதுபவன் முதற் காட்சியிலேயே சில கேள்விகளுக்கு விடை தேட வேண்டியவனாவான். மலையிலிருந்து அவள் இறங்கும் நேரம் எது? அவளது சம்பளத்தைக் கையொப்பமிட்டு வாங்குபவர் யார், அவளா, கணவனா? அவள் குடியிருக்கும் லயத்து அறை யாருடைய பெயரில் உள்ளது? கணவனை விட்டு நீங்கினால், தோட்டத்தில் வேலையுமின்றி அவள் எங்கே தங்குவாள்? அவள் அடிபட்டுக் காவல் நிலையத்துக்குச் சென்றால், தமிழையும் அரசகரும மொழியாக்கிய 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் நடைமுறையில் இருக்கும் இந்நாட்டில், அவளது முறைப்பாடு எம்மொழியில் எழுதப்படும்? சென்னையிலுள்ள கதாசிரியன் இவற்றுள் ஒன்றையும் அறிய வேண்டியதில்லை. கொழும்பிலுள்ள நிகழ்ச்சிப் பணிப்பாளரும் இற்றைவரை அறிய வேண்டியிருக்கவில்லை.